பாராசூட் காட்டும் அறிகுறிகளும் அவற்றுக்குச் செய்ய வேண்டியவையும்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர் இல்லாத தெரு இல்லை. அவர்களில் சிலர், என்னைப் போலவே, அங்கே விடுமுறை நாட்களில் வான்குதிப்புப் பயிற்சியில் சேர்ந்து, உரிமம் பெற்று, சொந்தமாக ஒரு ரிக் (பாராசூட் குடைகள், அவற்றை மடித்து வைக்கும் பை, உடலில் மாட்டும் பட்டைகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) வாங்கி, ஊருக்கு வரும்போது அதையும் கையோடு கொண்டு வருகிறார்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்த வான்வெளியில் நம் விருப்பத்துக்குக் குதிக்க வழியில்லை. ஆகவே ரிக் மாதக்கணக்கில் வீட்டில்தான் இருக்கும். மழையும் வெக்கையும் மாறி மாறி வரும் டெல்டா வீட்டில் அது எப்படி இருக்கிறது என்பதும், திரும்பப் போய்க் குதிக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இதை அறிகுறி வாரியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கோளாறு எந்த இடத்தில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்தே அதைச் சரிசெய்ய நமக்குக் கிடைக்கும் நேரம் அமைகிறது. பையை மூடி வைத்திருக்கும் நூல் கண்ணி நைந்திருப்பதை வீட்டுக் கூடத்தில் கண்டால், மாற்றுவதற்கு ஒரு மாதம் இருக்கிறது. விமானத்துக்குள் கண்டால், குதிக்காமல் அதே விமானத்தில் தரையிறங்கிவிடலாம். வானில் அறுந்தால் நொடிகள்தான் மிஞ்சும். வயிறு தரையை நோக்கியிருக்கும்படி விழும் ஒருவர், நிலையான வேகத்தை எட்டிய பிறகு, நொடிக்குச் சுமார் 175 அடி இறங்குகிறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. அதை அவர் ஒன்றேகால் நொடியில் கடந்துவிடுவார். 5,500 அடியில் குடையை விரிக்க முயன்று 2,500 அடிக்குள் முடிவெடுக்க வேண்டிய மாணவருக்கு, எதுவுமே விரியவில்லையென்றால், கையில் இருப்பது சுமார் 17 நொடி. குடை முழுதாக விரிந்திருந்தால் அதே 3,000 அடியைக் கடக்க மூன்று நிமிடம் கிடைக்கும். எந்த அறிகுறிக்கு எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், எதைச் சரிசெய்ய முயல்வது, எதை உடனே கைவிடுவது என்பது தெளிவாகும்.

2,500 அடி என்பது ஐக்கிய அமெரிக்கப் பாராசூட் சங்கம் மாணவர்களுக்குச் சொல்லும் முடிவெடுக்கும் உயரம். உங்கள் பயிற்றுநர் வேறு எண்ணோ வேறு வரிசையோ கற்பித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இங்கே எழுதியிருப்பது அவருடைய பாடத்துக்கு மாற்றன்று. மேலும், ரிக்கில் மூன்று இடங்களில் நாம் கை வைக்கவே கூடாது: முதன்மைக் குடை கெட்டால் உதவ மேற்பையில் இருக்கும் ரிசர்வ் குடை, உடலோடு பிணைக்கும் பட்டைகளின் தையல், தானே ரிசர்வைத் திறந்துவிடும் ஏ.ஏ.டி. என்னும் கருவி. இவை, பாராசூட்டுகளை மடிக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் பெற்ற ரிக்கருக்கும் தயாரிப்பாளருக்கும் உரியவை.

பையைத் திறந்ததும் ஈரவாடை அடிக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த அறிகுறியே முதலில் வரும். சுவரே வியர்க்கும் அந்த நாட்களில், மரப் பத்தாயத்துக்கு மேலோ பரணிலோ வைத்த பை ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. முதன்மைக் குடையை வெளியே எடுத்து, கூடத்தில் கயிறு கட்டி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாட்கள் தொங்கவிடுங்கள். நெல் காய்கிற களத்திலோ மொட்டை மாடியிலோ விரிக்கக் கூடாது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் நைலானின் வலிமையைத் தின்றுவிடும், அந்த இழப்பு கண்ணுக்கும் தெரியாது. சலவைத்தூள், இஸ்திரிப் பெட்டி இரண்டும் ஆகாது. கரும்புள்ளியோ பச்சைப் பூசணமோ தெரிந்தால் தேய்த்து எடுக்க முயலாமல் ரிக்கரிடம் காட்டுங்கள்.

ஈரம் மேற்பை வரை போயிருக்கும் என்ற ஐயம் இருந்தால், ரிசர்வ் மடிப்பின் தவணை முடியவில்லை என்று காத்திருக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி ரிசர்வை 180 நாட்களுக்கு ஒருமுறை ரிக்கர் திறந்து, சோதித்து, மறுபடி மடித்து முத்திரையிட வேண்டும். அந்த எண் அதிகபட்ச வரம்பு. நனைந்த ரிசர்வுக்கு அது பொருந்தாது. என் தாயார் திருபுவனம் பட்டுப் புடவைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். நான் ரிக்கைக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்தில், “ஈரத்தோட அப்படியே வெச்சிருந்தா எந்தத் துணிதான்டா தாங்கும்? எடுத்து ஆத்து” என்று சொன்னவரும் அவர்தான். அன்று எடுத்துப் பார்த்தபோது குடையின் மடிப்புகளுக்குள் கை வைத்தால் குளிர்ச்சி தெரிந்தது.

வைக்கும் இடத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி கூடத்து மூலையிலேயே இருக்கிறது. பேட்டரி அமிலம் நைலானை அரித்துவிடும். ஒரு துளி பட்ட இடம்கூடப் பின்னர் இழுவையில் கிழியலாம். உரமூட்டையும் பூச்சிமருந்துத் தெளிப்பானும் இருக்கும் கொல்லைப்புற அறையும் வேண்டாம். எலி வராத, வெளிச்சம் நேரே விழாத, தரையிலிருந்து உயர்ந்த அலமாரி போதும்.

கயிறுகளைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் பிசுபிசுக்கின்றன அல்லது வெடித்திருக்கின்றன

குடையின் கயிறுகளைச் சிறு சிறு மடிப்பாக ஒழுங்குபடுத்திப் பிடித்திருப்பவை இந்த வளையங்கள். சித்திரை வெக்கையில் அவை இளகும். பிறகு காய்ந்து வெடிக்கும். இளகியதும் வெடித்ததும் எதிரெதிர் ஆபத்துகளைத் தருகின்றன. வளையம் அறுந்தாலோ தளர்ந்தாலோ கயிறுகள் ஒரே கொத்தாகக் கொட்டி, குடை பெருத்த அதிர்ச்சியோடு விரியும். அந்த அதிர்ச்சி கழுத்தைக் காயப்படுத்தும், துணியையும் கிழிக்கும். வளையம் ஒட்டிக்கொண்டாலோ தேவைக்கு மேல் இறுகச் சுற்றப்பட்டிருந்தாலோ கயிறு விடுபடாமல், குடை, தன்னை மடித்து வைத்திருக்கும் உள்பையிலேயே சிக்கிக்கொள்ளும். உள்பையின் வாயை மூடும் மடிப்புகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ இழுவையில் விடுபட வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் எல்லா வளையங்களையும் மாற்றிவிடுகிறேன். நல்லதைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும் சிக்கனம் இங்கே வேண்டாம். அவற்றின் விலை மிகக் குறைவு.

மூடும் கண்ணி நைந்திருக்கிறது

பையின் மடல்களை ஒன்றுசேர்த்து, ஊசியை ஏற்கும் சிறிய நூல் கண்ணி இது. ஒரே ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுவது என் வழக்கம். காரணம், இது அறுந்தாலோ தளர்ந்தாலோ குடை நாம் கேட்காத நேரத்தில் வெளியே வரும். விமானக் கதவருகே அது நிகழ்ந்தால் குடை விமானத்தின் வாலில் மாட்டக்கூடும். அப்போது ஆபத்து குதிப்பவருக்கு மட்டுமன்று, விமானத்தில் உள்ள அனைவருக்கும். புதுக் கண்ணியின் நீளமும் முக்கியம். ஊசி எளிதாக வழுக்கிக்கொண்டு போனால் கண்ணி நீளமாகிவிட்டது என்று பொருள்.

மஞ்சள் கம்பி அழுக்கேறியிருக்கிறது, ரைசர் பட்டை விறைத்திருக்கிறது

கெட்டுப்போன முதன்மைக் குடையை உடலிலிருந்து விடுவிப்பது மூன்று வளைய அமைப்பு. பில் பூத் என்பவர் 1970களில் வடிவமைத்த இது, இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. பெரிய வளையத்துக்குள் நடு வளையமும், அதற்குள் சிறு வளையமும் கோத்து, கடைசியில் ஒரு துணிக் கண்ணியை மஞ்சள் கம்பி தாங்குகிறது. ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாகச் செயல்பட்டு இழுவையைக் குறைத்துக்கொண்டே வருவதால், குடையில் தொங்கும் ஆளின் முழு எடையில் மிகச் சிறிய பங்குதான் அந்தக் கம்பிக்கு வந்து சேர்கிறது. கம்பியை உருவினால் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு விடுபடும்.

மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ரைசர், அதாவது குடையின் கயிறுகளை உடலில் மாட்டும் பட்டைகளோடு இணைக்கும் பட்டை, அந்த வளைவிலேயே படிந்துவிடுகிறது. குடை பலமாக இழுக்கும்போது படிந்த பட்டையும் புரண்டுவிடும். ஆனால் உள்பையிலேயே சிக்கிய குடை போல இழுவை குறைந்த கோளாறுகளில் அது தயங்கக்கூடும். ஆகவே மாதம் ஒருமுறை வளையங்களைப் பிரித்து, பட்டையை இரு கைகளாலும் முன்னும் பின்னும் மடக்கி இளக்கி, மஞ்சள் கம்பியைத் தயாரிப்பாளர் சொன்ன பொருளால் துடைத்து, மறுபடி பொருத்த வேண்டும். பொருத்திய பின் பயிற்றுநரிடமோ ரிக்கரிடமோ காட்டாமல் குதிக்காதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடுள்ளவர்கள் உப்புக்காற்றை எண்ணி வளையங்களிலும் ஊசியிலும் துரு உண்டா என்று பார்க்க வேண்டும். புள்ளி அளவு துரு இருந்தாலும் உறுப்பு மாற்றப்பட வேண்டியதா என்பதை ரிக்கர் முடிவு செய்யட்டும்.

பைலட் சூட்டின் சாளரத்தில் நிறக்கயிறு தெரியவில்லை

பெரிய குடையை வெளியே இழுக்கும் சின்னக் குடையே பைலட் சூட். வேலை முடிந்ததும் அது சுருங்கிவிடும்படி அதன் நடுவே ஒரு கயிறு ஓடுகிறது. மடிக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்து மறுபடி ஆயத்தப்படுத்த மறந்தால், சின்னக் குடை காற்றைப் பிடிக்காமல் கந்தல் துணி போலப் பின்னால் படபடக்கும். சாளரத்தில் நிறம் தெரிந்தால் ஆயத்தம். தெரியாவிட்டால் பையை மூடாதீர்கள். பழைய கயிறு நாளடைவில் சுருங்குவதால், முழுக்க இழுத்தும் நிறம் பாதிதான் தெரிகிறதென்றால் அதுவும் கோளாறுதான்.

ஏ.ஏ.டி. கருவி உயிர்பெறவில்லை, அல்லது வேறிடத்தில் இயக்கப்பட்டது

பிழை எண் காட்டும் கருவியோடு குதிக்கக் கூடாது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. மற்றொரு அறிகுறி பலருக்கு அறிகுறியாகவே தோன்றாது: அறையிலேயே கருவியை இயக்கிவிட்டு, காரில் குதிதளத்துக்குப் போவது. இந்தக் கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு, இயக்கிய இடத்தைத் தரை மட்டமாக எடுத்துக்கொள்கிறது. குதிதளத்துக்கு வந்து சேர்ந்ததும் அணைத்து, மறுபடி இயக்குவதே முறை. இந்த வகைக் கருவிகளில் பரவலாக அறியப்பட்ட சைப்ரஸ் 1991இல் விற்பனைக்கு வந்தது; அதன் வழக்கமான வகை, சுமார் 750 அடி உயரத்திலும் ஒருவர் நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் திறக்கும். 750 அடி என்பது நான்கு நொடிக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். அதை நம்பிக் காத்திருப்பதற்கான உயரம் அதுவன்று.

விழும்போது உடல் தானாகச் சுழல்கிறது

இது கருவியின் கோளாறன்று; கற்பவரின் உடல் காட்டும் அறிகுறி. பயிற்சியின் தொடக்க நிலைகளில் இரு பயிற்றுநர்கள் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் கையை விட்டதும் சுழற்சி தொடங்கும். பெரும்பாலும் கால்களே காரணம். ஒரு கால் மடங்கி மற்றது நீண்டிருக்கும். அது நமக்குத் தெரியாது, ஏனெனில் நம் கவனம் முழுக்கக் கைகளிலும் முகத்தில் அடிக்கும் காற்றிலும் இருக்கும். இடுப்பை முன்னே தள்ளி உடலை வில்லாக வளைத்து, இரு கால்களையும் காற்றை உணரும் அளவுக்குச் சற்றே நீட்டினால் சுழற்சி அடங்கும். நான் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்து, கண்ணை மூடி, கால்கள் எங்கே இருக்கின்றன என்று ஊகித்து, பிறகு அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். “இடது கால் தொங்குதுடா” என்று அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஒரு வாரத்தில் அது திருந்தியது. கீழிருந்து மேலே காற்று வீசும் பயிற்சிக் காற்றுக்குழாயில் பணம் செலவழித்துக் கற்பதும் நல்லதே. ஆனால் திண்ணையிலும் கற்க இடமுண்டு.

சுழற்சி அடங்கவில்லையென்றால் அதோடு போராடி உயரத்தை இழக்காதீர்கள். விரிக்க வேண்டிய உயரம் வந்துவிட்டால், சுழன்றுகொண்டிருந்தாலும் விரிக்க வேண்டும்.

கதவருகே போனதும் மனம் வெறுமையாகிறது

முதல் சில குதிப்புகளில் அனைவருக்கும் இது வரும். எனக்கு மூன்றாவது குதிப்பில், கதவிலிருந்து வெளியேறிய பிறகு, செய்ய வேண்டிய எதுவும் நினைவுக்கு வரவில்லை. கையில் கட்டிய உயரமானியைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோனது. பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே கையசைத்து உயரம் காட்டியபோதுதான் 6,000 அடி என்று கண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே காரணம் என்று அவர் பிறகு விளக்கினார். அதன்பின் கதவருகே ஒருமுறை நீளமாக மூச்சை வெளியே விடுவதையும், வெளியேறியதும் முதல் செயலாக உயரம் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். பாடம் முழுவதையும் நினைவில் வைக்க முயன்றால் எதுவும் நிற்காது. உயரம் என்ற ஒன்று நின்றால் மற்றவை பின்னே வரும்.

சளி பிடித்திருந்தால் குதிக்க வேண்டாம். அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை பாதிக்கப்படும்.

கைப்பிடி கிடைக்கவில்லை, அல்லது இழுத்தும் வரவில்லை

இனி வருபவை நொடிக் கடிகாரத்துக்கு உரியவை. பையின் அடிப்பகுதியில் உள்ள கைப்பிடியை ஒருமுறை தேடியும் கிடைக்காவிட்டால், பையின் அடி விளிம்பைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை தேடலாம். மூன்றாவது முறை என்பது கிடையாது. பெரும்பாலான ரிக்குகளில் வலப்பக்க மார்பில் முதன்மைக் குடையை விடுவிக்கும் மெத்தென்ற சிவப்புக் கைப்பிடியும், இடப்பக்கத்தில் ரிசர்வ் கைப்பிடியும் இருக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்து, வலதை முழு நீளம் இழுத்து, உடனே இடதை இழுக்க வேண்டும். குடை விடுபடும்போதே ரிசர்வைத் திறந்துவிடும் ஆர்.எஸ்.எல். என்னும் இணைப்புப் பட்டை இருந்தாலும், இடது கைப்பிடியை இழுப்பதை அதனிடம் விட்டுவிடக் கூடாது.

பைலட் சூட் போய்விட்டது, குடை வரவில்லை

சின்னக் குடை பின்னால் பறக்க, பை மூடியபடியே இருக்கும் நிலை இது. முதன்மையை விடுவித்துவிட்டு ரிசர்வைத் திறப்பது ஒரு முறை. விடுவிக்காமல் நேரே ரிசர்வைத் திறப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. இரண்டையும் கற்பிக்கும் பள்ளிகளும் உண்டு. வானில் நின்று எண்ணிப் பார்க்க இதில் நேரமே இல்லை. உங்கள் பயிற்றுநரிடம் கேட்டு, ஒன்றைத் தேர்ந்து, தரையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

உள்பையிலேயே சிக்கிய குடைக்கும், விரியாமல் நாடா போல நீண்டு துடிக்கும் குடைக்கும் விடை ஒன்றுதான்: விடுவித்து, ரிசர்வைத் திறப்பது.

குடை விரிந்தது, ஆனால் கயிறுகள் முறுக்கிக்கொண்டன

கற்பவர்கள் அதிகம் சந்திக்கும் கோளாறு இதுவே. தலைக்கு மேலே குடை செவ்வகமாக விரிந்திருக்கும்; கழுத்துக்குப் பின்னால் ரைசர்கள் பின்னல் போல முறுக்கிக்கொண்டு தலையை நிமிரவிடாது. விரிக்கும் நொடியில் ஒரு தோள் தாழ்ந்திருப்பதும், கயிறு மடிப்புகள் ஒரே அளவில் இல்லாததும் பொதுவான காரணங்கள்.

முதலில் உயரம் பாருங்கள். குடை நேராகப் பறந்துகொண்டிருந்தால் நிமிடக் கடிகாரம் உங்களுடையது. டாகிள் என்னும் திருப்புபிடிகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, ரைசர்களை இரு கைகளாலும் பக்கவாட்டில் அகட்டி, ஊஞ்சலை உந்துவது போல முறுக்குக்கு எதிர்த்திசையில் காலை வீசி உதையுங்கள். பதினோராவது குதிப்பில் எனக்கு மூன்று முறுக்கு விழுந்தது. 4,200 அடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உயரம் பார்த்து, 3,500 அடியில் கடைசிச் சுற்று அவிழ்ந்தது. அவிழ்க்கும் முயற்சியில் உயரம் பார்க்க மறப்பதே இந்தக் கோளாறின் உண்மையான ஆபத்து; முறுக்கு அவிழ்ந்துகொண்டே வருவதால், இன்னும் ஒரு சுற்றுதான் என்று மனம் சொல்லும். 2,500 அடியில் அது எந்த நிலையில் இருந்தாலும் விடுவித்துவிட வேண்டும். முறுக்கோடு குடை ஒருபக்கமாகச் சாய்ந்து வேகமாகச் சுழன்றால் அந்த உயரம் வரை காத்திருக்கவும் கூடாது. சுழலும் குடை உயரத்தை மிக விரைவாக விழுங்கிவிடும்.

குடை முழுதாக விரியவில்லை, அல்லது தானாகத் திரும்புகிறது

குடையின் ஓரத்துக் காற்றறைகள் மூடியிருந்தாலும், கயிறுகளின் வழியே இறங்கி வரும் ஸ்லைடர் என்னும் துணிச்சதுரம் பாதிவழியில் நின்றிருந்தாலும், இரு டாகிள்களையும் ஆழமாக இழுத்து, சற்றுப் பிடித்து, விட வேண்டும். இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் சரியாகும். விரிந்த உடனே ஒருபக்கமாகத் திரும்பினால், ஒரு பக்கத்து டாகிள் தன் இடத்திலிருந்து நழுவியிருக்கலாம். இரண்டையும் எடுத்துச் சமமாக இழுத்தால் குடை நேராகும்.

குடைக்கு மேலே கயிறு விழுந்து அதை இரண்டாகப் பிதுக்கியிருந்தால் முயற்சி வேண்டாம், விடுவியுங்கள். சிறு கிழிசல், ஓரிரு கயிறு அறுந்திருத்தல், கயிற்றில் முடிச்சு ஆகிய இடைநிலைக் கோளாறுகளுக்கு ஒரு சோதனை உண்டு. வலமும் இடமும் திருப்பிப் பாருங்கள். இரு டாகிள்களையும் முழுதாக இழுத்து வேகம் அடங்குகிறதா என்று பாருங்கள். 2,500 அடிக்குள் இவை மூன்றும் நிறைவாக வரவில்லையென்றால் அந்தக் குடையோடு தரையிறங்க முடியாது. பழைய குடைகளில் திருப்புகயிறுகள், ஸ்லைடரின் உராய்வுச் சூட்டால் நாளடைவில் சுருங்கி, எப்போதும் சற்று பிரேக் பிடித்தபடியே பறக்கச் செய்வதும் உண்டு. அது தரையில் ரிக்கர் அளந்து கண்டுபிடிக்க வேண்டியது.

முதன்மையும் ரிசர்வும் இரண்டுமே வெளியே வந்துவிட்டால், அவை முன்னும் பின்னுமாக அமைதியாகப் பறந்துகொண்டிருக்கும் வரை எதையும் விடுவிக்காமல், முன்னாலிருக்கும் குடையை மட்டும் மெல்லத் திருப்பி இறங்குவதே பொதுவான பாடம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிரிந்து தரையை நோக்கிப் பாய்ந்தால் முதன்மையை உடனே விடுவிக்க வேண்டும்.

தரையிறங்கும் திடலை எட்ட முடியாது என்று தெரிகிறது

நல்ல குடையின் கீழேயே பலர் காயமடைவது இங்கேதான். திடலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற ஆசையில் தரைக்கு அருகே கூர்மையாகத் திருப்பும்போது குடை கீழ்நோக்கிப் பாயும். 1,000 அடிக்கு மேலேயே மாற்று இடத்தைத் தேர்ந்து, அதற்குப் பிறகு சிறு திருத்தங்கள் மட்டும் செய்யுங்கள். காற்றுக்கு எதிரே இறங்குவது நல்லது. ஆனால் தாழ்வாகத் திரும்பி அந்தத் திசையை அடைவதைவிட, பக்கக் காற்றில் கால்களையும் முழங்கால்களையும் சேர்த்து, உருண்டு இறங்குவது மேல்.

ஊரில் இருக்கும்போது மொட்டை மாடியில் நின்று இதைப் பழகலாம். அரிசி ஆலைப் புகையும் தென்னங்கீற்றும் காற்றின் திசையைச் சொல்லும். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பம்புசெட்டுக்குப் போகும் கம்பங்களின் வரிசையைத் தேடக் கண்ணைப் பழக்குங்கள். கம்பங்கள் இரண்டு தெரிந்தால் நடுவே கம்பி இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை அப்படியே தொங்க வேண்டும். கீழிருப்பவர் எவரும் தொடக் கூடாது.

நீரில் இறங்க நேரும் என்று தெரிந்தால், ஆர்.எஸ்.எல். பட்டையைக் கழற்றி, மார்புப் பட்டையைத் தளர்த்தி, மூச்சை நிறைத்துக்கொண்டு, வழக்கம்போலவே காற்றுக்கு எதிரே இறங்குங்கள். நீருக்கு மேலே இருக்கும்போதே குடையை விடுவிக்கக் கூடாது. அலையற்ற நீர்ப்பரப்பில் உயரம் கண்ணை ஏமாற்றும். வெண்ணாற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்த நம்மவர்க்கு நீர் என்றால் துணிச்சல் அதிகம். ஆனால் கயிறுகளுக்குள் நீந்துவது வேறு. பட்டைகளிலிருந்து நழுவி வெளியேறி, குடையை விட்டு விலகி நீந்துங்கள். ஓட்டம் இழுத்தால், நீருக்குள் வந்த பிறகு விடுவியுங்கள்.

குடை சேற்றிலோ உப்புநீரிலோ நனைந்தது

உப்புநீர் காய்ந்துவிடுவதற்குள் நல்ல நீரில் பலமுறை அலசி, பிழியாமல், நிழலில் தொங்கவிட வேண்டும். சேறு காயட்டும் என்று விட்டால் மணல் துகள் கயிற்று இழைகளுக்குள் இருந்துகொண்டு ஒவ்வொரு குதிப்பிலும் அறுக்கும். ஏ.ஏ.டி. கருவி நனைந்ததையும், ரிசர்வ் பையில் நீர் புகுந்ததையும், எந்த நீர் என்பதையும் பதிவேட்டில் தேதியோடு எழுதி, ரிக்கைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் ரிக்கரிடம் காட்டுங்கள். உப்புநீர் பட்ட ரிக்கை அவர் திறந்து பார்க்கும் முறை வேறு.